பச்சை உறையும் நாலு சென்ட்டும்: ஹாலிவுட் எழுத்தாளர்கள் கேட்டது எந்தப் பணம்?

ஹாலிவுட்டில் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அவ்வப்போது தபாலில் ஒரு பச்சை உறை வரும். உள்ளே காசோலை. எப்போதோ எழுதிக் கொடுத்த தொடர் எங்கோ மறுபடி ஓடியிருக்கிறது, அதற்கான பங்கு. சில உறைகளில் மாத வாடகைக்கு ஆகிற தொகை இருக்கும். சிலவற்றில் இருப்பது உறைமேல் ஒட்டும் தபால்தலைக்குக்கூடக் கட்டாத சில்லறை. 2023-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தச் சில்லறைக் காசோலைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றின. பார்த்தவர்களில் பலர் அநியாயம் என்றார்கள். வேறு பலர் கேட்டது இது: ஒரு தடவை செய்த வேலைக்கு எதற்கு ஆயுசு முழுக்கக் காசு?

இந்த வாதம் பெரும்பாலும் குழாய் மாட்டுபவரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு வரும். குழாய் மாட்டிவிட்டுப் போனவருக்கு, நாம் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் காசு கொடுக்கிறோமா? கொத்தனார், தச்சர், செவிலியர் எல்லோரும் வேலை செய்தார்கள், கூலி வாங்கினார்கள், கணக்கு முடிந்தது. எழுத்தாளருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தப் பச்சை உறைக்குள் இருப்பது கூலியா, இனாமா, விற்ற பொருளுக்கான பாக்கியா என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கையெழுத்தோடு போய்விடுகிற உரிமை

அமெரிக்காவில் மேடை நாடகம் எழுதுபவர்தான் அந்த நாடகத்தின் சொந்தக்காரர். பதிப்புரிமை அவரிடம் இருக்கும். எந்த ஊரில் எந்தக் குழு அதை மேடையேற்றினாலும் அவருக்கு ராயல்டி வரும். நாவல் எழுதுபவருக்கும் அப்படித்தான். இவர்களைப் பார்த்து யாரும் கொம்பைப் பற்றிக் கேட்பதில்லை.

சினிமாவுக்கும் டிவிக்கும் எழுதுபவர் கதை வேறு. ஸ்டூடியோ பணம் கொடுத்து எழுதச் சொல்லும் திரைக்கதை, அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'கூலிக்குச் செய்த படைப்பு' என்ற வகையில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்ததும் சட்டத்தின் கண்ணில் அதன் ஆசிரியர் ஸ்டூடியோதான். ராத்திரி முழுக்கக் கண்விழித்து எழுதியவர் ஒரு ஊழியர், அவ்வளவே.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஊழியர் ஆனதால்தான் அவருக்குச் சங்கம் கிடைத்தது. திரை எழுத்தாளர்கள் 1933-இல் சங்கமாகத் திரண்டார்கள். 1935-இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை ஊழியர்களுக்குத்தான் கொடுத்தது. நாடகாசிரியர் யாருக்கும் ஊழியர் இல்லை, தனித்தொழில் செய்பவர். நாடகாசிரியர்களுக்கும் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அது தொழிற்சங்கமாகி விலை பேச முயன்றால், தனித்தொழில் செய்பவர்கள் கூடி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆக, உரிமையை வைத்திருப்பவருக்குச் சங்க பலம் இல்லை. சங்க பலம் இருப்பவரிடம் உரிமை இல்லை.

உரிமையைக் கொடுத்தவர்கள், அதற்கு ஈடாகச் சங்கத்தின் மூலம் பேசி வாங்கியதுதான் அந்தப் பச்சை உறைப் பணம். ஹாலிவுட்டில் அதற்கு ரெசிடுவல் என்று பெயர். படைப்பு மறுபடி பயன்படும்போதெல்லாம் ஒரு சிறு பங்கு. 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை; சம்பளமும் வேண்டும், ராயல்டியும் வேண்டும்' என்று குறை சொல்பவர்கள், எழுத்தாளர் மீசையை முன்பே மழித்துக் கொடுத்துவிட்டார் என்பதைக் கவனிப்பதில்லை.

குழாய் ஒப்பீடு இடறுவதும் இங்கேதான். நாம் குழாயைத் திறக்கும்போது யார் கல்லாவிலும் காசு விழுவதில்லை. ஒரு தொடர் மறுபடி ஓடும்போது விளம்பரப் பணமோ சந்தாப் பணமோ உரிமத் தொகையோ யாரோ ஒருவருக்கு வருகிறது. அது முழுக்க ஒருவருக்கே போகலாமா என்பதுதான் சண்டை. மாற்று வழியும் உண்டு: ஆயுசுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாகக் கொடுத்துவிடலாம். அதில் ஸ்டூடியோக்களுக்கே நஷ்டம் அதிகம். எடுத்ததில் பெரும்பாலானவை ஊற்றிக்கொள்ளும் தொழில் இது. ஓடாத தொடருக்கும் ஓடுகிற தொடரின் விலையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஓடினால் கொடு, ஓடாவிட்டால் வேண்டாம் என்பதுதான் ரெசிடுவல். அந்த வகையில் அது முதலாளிக்கும் வசதியான ஏற்பாடு.

ஒவ்வொரு புதுப்பெட்டிக்கும் ஒரு சண்டை

தேதிகளை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 1960 வேலைநிறுத்தத்தின் மையம், தியேட்டர் படங்களை டிவிக்கு விற்ற பணம். 1981-இல் கட்டண டிவியும் வீடியோவும். 1985-இல் வீடியோ கேசட். 2007-இல் டிவிடியும் இணையமும். 2023-இல் ஓடிடியும் செயற்கை நுண்ணறிவும். 1988-இல் நடந்ததுதான் எல்லாவற்றிலும் நீளமானது, ஐந்து மாதம். அதிலும் மறுஒளிபரப்புப் பணம் ஒரு முக்கியத் தகராறு. கதை பார்க்க ஒரு புதுவழி வரும்போதெல்லாம், பழைய ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வாசகமும் இல்லை என்ற பேச்சு எழுகிறது. புதுத் தொழில்நுட்பம், இன்னும் லாபம் வரவில்லை, பொறுங்கள் என்கின்றன நிறுவனங்கள். லாபம் வந்தபிறகு, ஒப்பந்தம்தான் போட்டாகிவிட்டதே என்கின்றன.

இதற்குச் சரியான உதாரணம் 1985. வீடியோ கேசட் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது, ஒரு கேசட்டைத் தயாரிக்கவே நிறையச் செலவானது. அதனால் வருமானத்தில் 80 சதவீதத்தைத் தயாரிப்பு, விநியோகச் செலவு என்று ஒதுக்கிவிட்டு, மீதி 20 சதவீதத்தில் மட்டும் பங்கு என்று கணக்குப் போட்டார்கள். அந்த 20-இல் முதல் பத்து லட்சம் டாலர் வரை 1.5 சதவீதம், அதற்கு மேல் 1.8. முழு வருமானத்தில் பார்த்தால் 0.3, 0.36 சதவீதம். எழுத்தாளர்கள் அன்று இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள், ஒற்றுமை உடைந்தது, தோற்றார்கள்.

அப்புறம் டிவிடி வந்தது. தட்டு அச்சடிக்கும் செலவு கேசட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த 80 சதவீதச் 'செலவு' கணக்கு அப்படியே நின்றது. ஒரு டிவிடி விற்றால் எழுத்தாளருக்கு ஏறக்குறைய 4 சென்ட். 2007-இல் அதை எட்டாக்கக் கேட்டார்கள். நாலு சென்ட்டுக்காக ஒரு தொழிலையே நிறுத்துவதா என்று கேலி செய்தவர்களும் உண்டு. நாலு சென்ட் ஒரு பொருட்டே இல்லையென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு.

நிறுவனங்கள் பயந்தது அந்த நாலு சென்ட்டை மட்டும் பார்த்து இல்லை. ஹாலிவுட்டில் ஒரு சங்கம் வாங்குவதை மற்றவையும் கேட்கும். வீடியோ கணக்கில் எழுத்தாளருக்கு ஒரு பங்கு என்றால் இயக்குநருக்கும் ஒரு பங்கு, நடிகர்களுக்கு மூன்று பங்கு. எழுத்தாளருக்கு ஒரு ரூபாய் கூட்டினால் உண்மையில் ஐந்து ரூபாய் கூட்டுகிறோம் என்பது அவர்கள் கணக்கு. இந்தச் சங்கிலியைச் சொல்லாமல் 'பேராசைக்கார முதலாளி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது பாதிக் கதைதான்.

2007 நவம்பர் 5-இல் சுமார் 12,000 எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முந்தின நாள் கடைசிப் பேச்சில் டிவிடி கோரிக்கையைச் சங்கமே மேசையிலிருந்து எடுத்துவிட்டது. மிச்சம் நின்றது இணையம். இணையத்தில் போடுவது வெறும் விளம்பரம், அதற்கெல்லாம் பங்கு கிடையாது என்பது நிறுவனங்களின் நிலை. மூன்று வருடம் ஆராய்ந்துவிட்டுப் பேசலாம் என்றும் ஒரு கட்டத்தில் சொன்னார்கள். அதே நிர்வாகிகள் பங்குதாரர்களிடம் போய், இணையத்தில் வரப்போகும் வருமானத்தைப் பற்றி வாய்நிறையப் பேசினார்கள். எழுத்தாளர்கள் அந்தப் பேச்சுகளைத் தேடியெடுத்து, ஒட்டி, ஒரு சின்ன வீடியோவாக்கிப் பரப்பினார்கள். எழுத்துக்காரர்களோடு பகைத்துக்கொண்டால் இப்படித்தான்.

நூறு நாள் நடந்தது. கோல்டன் குளோப் விருது விழா விழாவாக நடக்காமல் செய்தியாளர் சந்திப்பாகச் சுருங்கியது. 2008 பிப்ரவரி 12-இல் வேலைக்குத் திரும்பியபோது கையில் இருந்தது ரொம்பச் சின்னத் தொகை. இலவச இணைய ஒளிபரப்புக்கு முதல் இரண்டு வருடம் ஒரு நிலையான தொகை, மூன்றாம் வருடத்திலிருந்து விநியோகஸ்தர் வருமானத்தில் 2 சதவீதம். நெட்ஃப்ளிக்ஸ் அப்போது முக்கியமாக டிவிடிகளைத் தபாலில் அனுப்பும் நிறுவனம். இதற்கா நூறு நாள் என்று அன்று நிறையப் பேர் கேட்டார்கள். ஆனால் இணையத்துக்கு எழுதினாலும் சங்க ஒப்பந்தம் பொருந்தும் என்ற ஒற்றை வரி அதில் இருந்தது. அந்த வரி இல்லாமல் போயிருந்தால், பிறகு வந்த ஓடிடி யுகம் முழுக்கச் சங்கத்துக்கு வெளியே நடந்திருக்கும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லாத பெட்டி

2023 மே 2. இம்முறை 11,500 பேர். எதிரில் ஸ்டூடியோக்களின் கூட்டமைப்பு: டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, பாரமவுன்ட், என்பிசி யூனிவர்சல், சோனி ஆகிய பழைய பெயர்களோடு நெட்ஃப்ளிக்ஸ், அமேசான், ஆப்பிள். வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு நடந்த வாக்கெடுப்பில் 97.85 சதவீதம் பேர் ஆமோதித்திருந்தார்கள்.

ஓடிடியில் வேலையின் உருவமே மாறிப்போயிருந்தது. முன்பு ஒரு தொடருக்குப் பருவத்துக்கு 22 எபிசோடு என்பது சாதாரணம், எழுத்தாளருக்கு வருடத்தில் பெரும்பகுதி வேலை. ஓடிடியில் 8, 10 எபிசோடு. அதற்கும் படப்பிடிப்பு உண்டா இல்லையா என்று முடிவாவதற்கு முன்பே இரண்டு மூன்று பேரைச் சில வாரம் ஓர் அறையில் உட்காரவைத்து, ஸ்கிரிப்ட்களைக் கறந்துவிட்டு அனுப்பிவிடும் வழக்கம் வந்தது. மினி ரூம் என்பார்கள். படப்பிடிப்பில் கூட இருக்கும் வாய்ப்பும் போனது. தளத்தில் நின்று கற்றுக்கொண்டுதான் இளம் எழுத்தாளர்கள் பிறகு தொடரை நடத்தும் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். அந்த ஏணி உடைந்தது. சம்பளத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதைத் தொடவே இல்லை.

சங்கம் அந்த மார்ச்சில் ஒரு கணக்கு வெளியிட்டது. எழுத்தாளர்-தயாரிப்பாளர்களின் வாரச் சம்பளங்களை வரிசையாக வைத்தால் நடுவில் வரும் தொகை பத்து வருடத்தில் 4 சதவீதம் குறைந்திருந்தது. விலைவாசியைச் சேர்த்தால் 23 சதவீதம். 2013-14 பருவத்தில் மூன்றில் ஒருவர்தான் ஒப்பந்தம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தார். இப்போது ஏறக்குறைய பாதிப் பேர். இது ஒரு தரப்பு வெளியிட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அந்தப் பத்து வருடத்தில்தான் எடுக்கப்படும் தொடர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 2022-இல் 599-ஐத் தொட்டது.

ரெசிடுவலும் மாறியது. டிவியில் ஒரு தொடர் மறுபடி மறுபடி விற்கப்பட்டால் எழுத்தாளருக்கும் மறுபடி மறுபடி வரும். ஓடிடி தனக்காக எடுத்த தொடருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அப்போது ஒன்றேதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் கம்பெனி ரகசியமாக இருந்தது.

அந்த வேனிலில் 'சூட்ஸ்' என்ற பழைய வக்கீல் தொடர் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்து திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடியது. பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் அமெரிக்கர்கள் அதை 5,770 கோடி நிமிடம் பார்த்திருக்கிறார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர், முதல் பருவத்தின் ஆறு எழுத்தாளர்களுக்கும் சேர்த்து ஒரு காலாண்டில் ஓடிடியிலிருந்து வந்தது 3,000 டாலருக்கும் குறைவு என்று வெளிப்படையாக எழுதினார். தலைக்கு 500 டாலர்கூட இல்லை.

பணக்காரர்களா, பிச்சைக்காரர்களா?

பொதுவிவாதத்தில் அதிகம் அடிபட்டது இதுதான். 2007-இல் நிறுவனங்கள், வேலையில் இருக்கும் எழுத்தாளரின் சராசரி வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் என்றன. சங்கமோ, எந்த வருடத்தை எடுத்தாலும் உறுப்பினர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வேலையே இல்லை என்றது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். 'சராசரி' என்ற சொல் செய்கிற மாயம் அது. 2018-இல் பிரபல தொடர் எழுத்தாளர்-தயாரிப்பாளர் ரயன் மர்ஃபி நெட்ஃப்ளிக்ஸோடு போட்ட ஒப்பந்தம் 30 கோடி டாலர் வரை போகும் என்று செய்தி வந்தது. அவரும் இந்தச் சங்கத்தின் எல்லைக்குள்தான் எழுதுகிறார். வங்கிக் கணக்கில் மிச்சமில்லாமல், கடன் அட்டையில் வாங்கிய போ-டை கட்டிக்கொண்டு விருது வாங்கப் போன இளம் எழுத்தாளரும் இந்தச் சங்கத்துக்காரர்தான். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணால் யாருக்கு என்ன லாபம்?

வாரத்துக்கு 4,500 டாலர் என்பது 2023 வேலைநிறுத்தத்தின்போது கடைநிலை எழுத்தாளருக்கு ஒப்பந்தம் சொன்ன குறைந்தபட்சத்தை ஒட்டிய தொகை. கேட்டதும் 'அடேயப்பா' என்றுதான் வரும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 வாரம் வேலை கிடைத்தால் 90,000. ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், மேனேஜர் இருந்தால் அவருக்கு 10, வக்கீலுக்கு 5, சங்கத்துக்கு 1.5. மிச்சம் சுமார் 66,000, அதற்கும் வரி கட்ட வேண்டும். அடுத்த வேலை எப்போது வரும் என்று தெரியாது. அப்போது வருடத்துக்கு 40,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால்தான் சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் தொடர்ந்தது. இது லாஸ் ஏஞ்சலஸில் குடும்பம் நடத்தும் கணக்கு. ஏழ்மை என்று சொல்ல மாட்டேன். பலருடைய கற்பனையில் இருக்கும் நீச்சல்குளமும் இல்லை.

அமெரிக்காவிலேயே இதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் ஆசிரியர்களும் செவிலியர்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தராமல் இவர்களுக்கா என்ற கேள்வியில் ஒரு நேர்மையான வலி இருக்கிறது. ஆனால் எழுத்தாளருக்குக் கொடுக்காமல் விட்ட பணம் செவிலியருக்குப் போகாது. அது இருக்கும் இடத்திலேயே இருக்கும். வேலைநிறுத்தத்தின்போது வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் தலைவராக இருந்த டேவிட் ஸாஸ்லாவின் 2021 ஊதியத் தொகுப்பு, பங்குகளும் சேர்த்து 24.6 கோடி டாலர். சங்கம் தன் மொத்த உறுப்பினர்களுக்கும் சேர்த்துக் கேட்ட உயர்வு வருடத்துக்கு 42.9 கோடி. நிறுவனங்கள் கொடுக்க வந்தது 8.6 கோடி.

'இவர்கள் எழுதும் குப்பைக்கு இது போதாதா' என்பது இன்னொரு வாதம். இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. குப்பை என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்காவிட்டால் பங்கும் குறைவாகத்தான் வரும். தரத்தைப் பார்த்துக் கொடு என்பவர்கள் உண்மையில் ரெசிடுவலுக்கு ஆதரவாகப் பேசுகிறார்கள்.

நிறுவனங்கள் தரப்பில் வலுவான வாதம் வேறு. 2022-இன் முதல் காலாண்டில் நெட்ஃப்ளிக்ஸ் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாக அறிவித்ததும் பங்குவிலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. டிஸ்னியின் ஓடிடிப் பிரிவு அந்த நிதியாண்டில் ஏறக்குறைய 400 கோடி டாலர் நஷ்டம். 2023 பிப்ரவரியில் 7,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. கேபிள் டிவியை மக்கள் துண்டித்துக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கிணறு வற்றுகிறது, புதிய கிணற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, இப்போது போய்க் கேட்கிறீர்களே என்பது அவர்கள் புலம்பல். பொய் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றைத் தோண்டும் முடிவை எழுத்தாளர்கள் எடுக்கவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கைக்காகக் கோடிகளை இறைத்த காலத்தில் அவர்களுக்குத் தனிப்பங்கு எதுவும் வரவும் இல்லை.

வாதம் சரியாக இருந்தாலும் சொன்ன விதத்தில் நிறுவனங்கள் கோட்டைவிட்டன. 2023 ஜூலையில் டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகர், கோடீஸ்வரர்கள் கூடும் சன் வேலி மாநாட்டில் நின்றுகொண்டு, இவர்கள் கேட்பது யதார்த்தமே இல்லை என்றார். அதே வாரம், எழுத்தாளர்கள் வாடகை கட்ட முடியாமல் வீட்டை இழக்கும்வரை இழுத்தடிப்பதுதான் திட்டம் என்று பெயர் சொல்லாத ஒரு நிர்வாகி பத்திரிகைக்குச் சொன்னார். யூனிவர்சல் ஸ்டூடியோ வாசலில் மறியல்காரர்களுக்கு நிழல் கொடுத்த மரங்கள் கொளுத்தும் வெயிலில் வெட்டப்பட்டு மொட்டையாக நின்றன. அனுமதி வாங்காமல் வெட்டியதற்கு நகர நிர்வாகம் போட்ட அபராதம் 250 டாலர். வில்லனை எழுதிப் பழகியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகஸ்டில் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் 72 சதவீதம் பேர் எழுத்தாளர்கள் பக்கம், 19 சதவீதம் பேர் ஸ்டூடியோக்கள் பக்கம்.

லைட் பிடித்தவர்கள்

எழுத்தாளர்களிடம் நல்ல பதில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. எழுதுவது நின்றால் படப்பிடிப்பு நிற்கும். லைட் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், தச்சர், வண்டி ஓட்டுபவர், தளத்துக்குச் சாப்பாடு கொடுப்பவர் எல்லோருக்கும் வேலை போகும். ஜூலை 14-இல் நடிகர்களும் இறங்கிய பிறகு எல்லாமே நின்றது. இரண்டு சங்கங்களும் சேர்ந்து தெருவில் நின்றது 1960-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. கலிஃபோர்னியாவுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு அடிக்கடி சொல்லப்பட்ட மதிப்பீடு 500 கோடி டாலர். 'எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது' என்பார்களே, அந்த நிலை. உவமை மரியாதைக்குறைவுதான், ஆனால் அந்தத் தொழிலாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது கிட்டத்தட்ட இதுதான். வெற்றி கிடைத்தால் பச்சை உறை எழுத்தாளருக்கு. இவர்களுக்கு ஆறு மாத வாடகை பாக்கி.

எழுத்தாளர்கள் சொன்ன பதில், ரெசிடுவல் முறை நிலைத்தால் உங்களுக்கும் நல்லது என்பது. இதில் உண்மை இருக்கிறது. தொழில்நுட்பத் தொழிலாளர்களுக்குத் தனித்தனியாகக் காசோலை வராது. ஆனால் அவர்களுடைய மருத்துவ, ஓய்வூதிய நிதிக்குள் ரெசிடுவல் பணம் போகிறது. லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்காரர்கள் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்து வண்டியைத் திருப்பியதும் சும்மா இல்லை. ஆனாலும் மாதத் தவணை கட்ட வேண்டியவரிடம் பத்து வருடம் கழித்து வரும் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுவது எடுபடாது. வேலைநிறுத்தம் செய்பவர்களுக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகை தரலாமா என்ற விவாதமும் கூடவே வந்தது. நியூயார்க்கில் அப்போது இரண்டு வாரத்துக்குப் பிறகு கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் செப்டம்பர் 30-இல் தடுத்தார். அதற்குள் எழுத்தாளர்கள் வேலைக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிவிட்டது.

148 நாளுக்குப் பிறகு

செப்டம்பர் 27-இல் முடிந்த வேலைநிறுத்தம் பெற்றுத் தந்ததைச் சங்கம் வருடத்துக்கு 23.3 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், கொடுக்க வந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்று வருடத்துக்கு 5, 4, 3.5 சதவீத உயர்வு. ஓடிடியில் எடுத்த தொடரோ படமோ, முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேர் பார்க்கும் அளவுக்கு ஓடினால், ரெசிடுவலோடு இன்னொரு 50 சதவீதம் போனஸ். தொகையைவிடப் பெரிய விஷயம், இதற்காகவாவது நிறுவனங்கள் பார்வை எண்ணிக்கையைச் சங்கத்திடம் காட்ட வேண்டும். ஏஐ எழுதியதை எழுத்தாக எண்ணக்கூடாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் எழுதி வாங்கினார்கள். 99 சதவீதம் பேர் ஒப்புதல் வாக்களித்தார்கள். ஒப்பந்தக் காலம் 2026 மே 1 வரை.

அப்புறம் வந்த கணக்கு கசப்பானது. 2023-24 பருவத்தில் டிவி எழுத்து வேலைகள் முந்திய பருவத்தைவிட 42 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சங்கமே அறிவித்தது, அதாவது 1,319 வேலைகள் குறைவு. வேண்டாம் என்று அன்றே சொன்னோமே என்றார்கள் ஒரு தரப்பினர். ஆனால் நிறுவனங்கள் செலவைச் சுருக்க ஆரம்பித்தது வேலைநிறுத்தத்துக்கு முன்பே. வேலைநிறுத்தம் அந்தச் சரிவைத் தொடங்கி வைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கவும் இல்லை. வேலை குறையும் காலத்தில் சங்கம் வாங்கித் தந்த உயர்வு, வேலை கிடைத்தவருக்கு மட்டும்தான் பயன்படும்.

லைட் பிடித்தவர்களின் சங்கம் 2024 ஜூலையில் தன் ஒப்பந்தத்தை முடித்தது, ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமல். அவர்களுக்கு மூன்று வருட உயர்வு 7, 4, 3.5 சதவீதம். முதல் வருடத்தில் எழுத்தாளர்கள் வாங்கியதைவிட இரண்டு அதிகம். ஓடிடி வருமானத்திலிருந்து அவர்களுடைய மருத்துவ, ஓய்வூதிய நிதிக்குப் புதிதாக ஒரு பங்கும் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.